கடலைப் பொறியியலாகப் படிப்பது: முதுநிலைக் கல்வி குறித்த முக்கால் நூற்றாண்டு விவாதம்

பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற ஒருவர் அதற்கு மேல் கடலைப் படிக்க விரும்பினால் எந்தத் துறையில் சேர வேண்டும்? ஒரு பல்கலைக்கழகத்தில் அது சிவில் பொறியியலின் ஒரு பிரிவு. இன்னொன்றில் கப்பல் வடிவமைப்புத் துறையோடு இணைந்தது. வேறொன்றில் இயந்திரப் பொறியியலுக்குள் ஓர் ஆய்வுக்குழு. மிகச் சில இடங்களில் மட்டுமே கடல் பொறியியல் என்ற பெயரில் தனித் துறை இருக்கிறது. இவை நிர்வாக ஏற்பாடுகளில் உள்ள வேறுபாடுகள் மட்டுமல்ல. கடல் பொறியியலுக்கென்று சொந்த அடித்தளம் உண்டா, அல்லது ஏற்கெனவே உள்ள துறைகளைக் கடலில் கொண்டுபோய்ப் பயன்படுத்துவதுதான் அதுவா என்ற பழைய கேள்வி இவற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத் தரப்படும் பதிலைப் பொறுத்து எம்.டெக். மாணவர் முதல் பருவத்தில் என்ன படிக்கிறார், யாரிடம் படிக்கிறார், எந்த ஆய்வகத்தில் நிற்கிறார் என்பதெல்லாம் மாறுகிறது. கடந்த முக்கால் நூற்றாண்டில் இந்தப் பதிலுக்கேற்பத் துறைகள் தொடங்கப்பட்டிருக்கின்றன, பெயர் மாற்றப்பட்டிருக்கின்றன, மூடப்பட்டும் இருக்கின்றன. முக்கியமான பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழந்தன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கரையிலிருந்து வந்த பதில்

1950 அக்டோபரில் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் முதலாவது கரையோரப் பொறியியல் மாநாடு கூடியது. அதற்குப் பின்னணியில் இருந்தவர் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் மரோ ஓ'பிரையன். கரையோரப் பொறியியல் அடிப்படையில் சிவில் பொறியியலின் கிளை என்பதும், அது கடலியல், வானிலையியல், பாய்ம இயக்கவியல் போன்ற அறிவியல்களின் மீது பெரிதும் சாய்ந்து நிற்கிறது என்பதும் அவர் அப்போது எடுத்த நிலைப்பாடு. பிற்காலத்தில் உலகின் பல முதுநிலைப் பாடத்திட்டங்கள், வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், இந்த வரையறையைத்தான் பின்பற்றின.

இதற்கு இரண்டாம் உலகப் போர் ஓர் உடனடிக் காரணம். படைகளைக் கடற்கரைகளில் இறக்க வேண்டிய தேவை அலைகளை முன்கணிக்கும் முறைகளுக்கு வழிவகுத்தது. ஹாரல்ட் ஸ்வெர்ட்ரப்பும் வால்டர் மங்கும், காற்றின் வேகம், அது வீசிய நேரம், அது கடந்துவந்த நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றையும் கொண்டு அலையின் உயரத்தைக் கணிக்கும் முறையை உருவாக்கினர். போர் முடிந்ததும் அந்த அறிவு துறைமுகம் கட்டுபவர்கள் கைக்கு வந்தது. அதே 1950இல் பெர்க்லியில் மாரிசன், ஓ'பிரையன், ஜான்சன், ஷாஃப் ஆகிய நால்வர், கடலில் நிற்கும் ஒரு தூணின் மீது அலை செலுத்தும் விசைக்கு ஒரு சமன்பாடு தந்தனர். நீரின் முடுக்கத்தால் வரும் விசை, நீரோட்ட இழுவையால் வரும் விசை என்று இரண்டு உறுப்புகளைக் கொண்ட அந்தச் சமன்பாடு இன்றும் எந்தக் கடல் பொறியியல் மாணவரும் முதல் ஆண்டிலேயே சந்திக்கும் ஒன்று.

இந்த மரபின் வலிமை தெளிவானது. மண் இயக்கவியல், கட்டமைப்பு, நீரியல் ஆகியவற்றில் ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாணவர், அதற்கு மேல் அலைகளையும் மணல் நகர்வையும் கற்றுக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகள் அதற்குப் போதும் என்று கருத முடிகிறது. மும்பை ஐ.ஐ.டி. கடல் பொறியியல் முதுநிலைப் படிப்பைச் சிவில் துறைக்குள் வைத்திருப்பதும், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் கரையோரப் பொறியியல் சிவில் துறையோடு வளர்ந்ததும் இந்த வழியில்தான். டெல்ஃப்டுக்கு இதில் வேறு யாருக்கும் இல்லாத நெருக்கடியும் இருந்தது. 1953 பிப்ரவரி 1 அன்று வட கடல் பெருக்கெடுத்து நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தனர். அதன்பின் எழுந்த டெல்டா திட்டம் ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்கே வகுப்பறையாக அமைந்தது.

பலவீனம், தரையில் பழகிய சிந்தனை கடலுக்குள்ளும் தொடர்வதில் இருக்கிறது. தரையில் ஒரு கட்டடத்தின் மீது வரும் சுமையைப் பெரும்பாலும் விதித்தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடலில் அமைப்பு எப்படி அசைகிறதோ அதற்கேற்பச் சுமையும் மாறுகிறது. நியூ ஜெர்சிக்கு அப்பால் அமெரிக்க விமானப்படை நிறுவிய 'டெக்சஸ் டவர் 4' என்ற ரேடார் மேடை 1961 ஜனவரி 15 அன்று புயலில் சரிந்து, அதிலிருந்த 28 பேரும் இறந்தனர். இழுத்துவந்து நிறுத்தும்போதே அதன் தாங்குசட்டங்கள் சேதமடைந்திருந்தன. இணைப்புகள் தளரத் தளர மேடையின் ஆட்டம் கூடிக்கொண்டே போனது. ஒரே விபத்தை வைத்து ஒரு கல்வி மரபை எடைபோட முடியாது. ஆனால் நிலையாக நிற்கும் கட்டடத்துக்கான அறிவு அங்கே போதவில்லை என்பதையாவது ஏற்க வேண்டியிருக்கிறது.

கப்பல் கட்டியவர்களின் பதில்

அசைவைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்தவர்கள் கப்பல் வடிவமைப்பாளர்கள். வில்லியம் ஃப்ரூட் 1870களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டார்க்கீயில் அமைத்த இழுவைத் தொட்டியிலிருந்து அவர்களுடைய மரபு தொடங்குகிறது எனலாம். சிறு மாதிரியைத் தொட்டியில் இழுத்துப் பெரிய கப்பலின் தடையைக் கணிப்பது எப்படி என்று அவர் வகுத்த விதி இன்றைய எல்லா அலைத் தொட்டிகளுக்கும் அடிப்படை.

என் பார்வையில், கடல் பொறியியலின் அறிவுசார்ந்த தொடக்கம் 1953இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. கப்பல் வடிவமைப்பாளரான மேன்லி செயின்ட் டெனிஸும் கடலியலாளரான வில்லார்ட் பியர்சனும் சேர்ந்து, ஒழுங்கற்ற கடலில் கப்பலின் அசைவை ஆராய்ந்தனர். ஒழுங்கற்ற கடலை எண்ணற்ற எளிய அலைகளின் கூட்டாகக் கொள்ளலாம். ஒவ்வொரு எளிய அலைக்கும் கப்பல் எப்படி அசையும் என்று தெரிந்தால், குழம்பிய கடலில் அதன் அசைவைப் புள்ளியியல் மொழியில் சொல்லிவிடலாம். இந்த வாதத்தைத் தனியொரு கப்பல் வடிவமைப்பாளரோ தனியொரு கடலியலாளரோ முழுமையாக எழுதியிருக்க முடியாது. இரு அறிவுகளும் சந்தித்த இடத்தில்தான் அது சாத்தியமானது.

ஆயினும் கப்பலுக்கும் கடலில் ஊன்றிய மேடைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. புயல் வருவதறிந்தால் கப்பல் விலகிப் போகலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறைக்கு வந்து பழுது பார்த்துக்கொள்ளலாம். மேடை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று வருகிற எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அது ஊன்றி நிற்கும் மண்ணைப் பற்றிக் கப்பல் வடிவமைப்புப் பாடத்திட்டம் அதிகம் பேசுவதில்லை. 1950களின் தொடக்கத்தில் கப்பல் வடிவமைப்புப் படிப்பைத் தொடங்கிய காரக்பூர் ஐ.ஐ.டி. துறை, பின்னர் கடல் பொறியியலையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டதை இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகப் பார்க்கலாம்.

தனித் துறை என்ற நம்பிக்கை

1960களில் அமெரிக்காவில் கடல், விண்வெளிக்கு நிகரான ஓர் எல்லையாகப் பேசப்பட்டது. 1960 ஜனவரியில் திரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலம் மரியானா அகழியின் அடியைத் தொட்டது. 1963 ஏப்ரலில் த்ரெஷர் என்ற அணுசக்தி நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கியது. ஆழ்கடலில் என்ன நடக்கிறது என்று தெரியாமலிருப்பதன் விலை அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அதே ஆண்டில் ஆதெல்ஸ்டன் ஸ்பில்ஹவுஸ், வேளாண் கல்லூரிகளுக்கு நிலம் வழங்கப்பட்டதைப் போலக் கடல் கல்விக்கும் அரசு மானியம் வேண்டும் என்று முன்மொழிந்தார். 1966இல் அது சட்டமாயிற்று.

இந்த அலையில்தான் ஃபுளோரிடா அட்லாண்டிக், ரோட் ஐலண்ட், ஹவாய் பல்கலைக்கழகங்களில் கடல் பொறியியல் என்ற பெயரோடு துறைகள் எழுந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1968இல் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கூட்டு முனைவர் பட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 1893இலிருந்து கப்பல் வடிவமைப்பைக் கற்பித்துவந்த தன் துறைக்கு 1971இல் 'கடல் பொறியியல்' என்றே பெயரிட்டது.

இந்தத் தரப்பின் வாதத்தில் வலு இருக்கிறது. ஒழுங்கற்ற அலை, அமைப்பின் அசைவு, கடலடி மண், உப்புநீரின் அரிமானம், நீருக்கடியில் ஒலி, இவற்றையெல்லாம் வெவ்வேறு துறைகளில் துண்டு துண்டாகக் கற்ற ஒருவர் அவற்றுக்கு இடையிலான உறவைக் கற்பதில்லை. அந்த உறவுதான் இங்கே பாடம். கடல் பொறியியல் தனித் துறையாக இருந்தால் மட்டுமே அதைக் கற்பிக்க ஆசிரியர்கள் கிடைப்பார்கள்.

நடைமுறை வேறு விதமாகப் போனது. மாசசூசெட்ஸ் கழகத்தின் கடல் பொறியியல் துறை 2005இல் இயந்திரப் பொறியியலோடு இணைக்கப்பட்டுத் தனித் துறை என்ற நிலையை இழந்தது. கடல் ஆய்வு அங்கே நிற்கவில்லை. கூட்டு முனைவர் திட்டமும் தொடர்கிறது. ஆனாலும் உலகின் மிக முக்கியமான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று தனித் துறையைத் தாங்கிப்பிடிக்க முன்வரவில்லை என்பது பலருக்கும் ஒரு தீர்ப்பாகப் பட்டது. ஹவாயின் அனுபவம் இதற்கு மாறான ஒன்றைச் சொல்கிறது. அந்தத் துறை இளநிலைப் பட்டம் வழங்காமல் முதுநிலை, முனைவர் பட்டங்களை மட்டுமே வழங்கி நீடித்திருக்கிறது. பதினெட்டு வயது மாணவருக்குக் கடல் பொறியியலைத் தனித் துறையாகக் கற்பிப்பது கடினம், ஆனால் ஓர் அடிப்படைத் துறையைக் கற்று வந்தவருக்கு அதைக் கற்பிப்பது பொருத்தம் என்று இவ்விரு அனுபவங்களையும் சேர்த்துப் படிக்க இடமிருக்கிறது. ஃபுளோரிடா அட்லாண்டிக் இளநிலையிலும் தொடர்ந்து கற்பித்துவருவதால் இதை இறுதி முடிவாகச் சொல்ல முடியாது.

எண்ணெய் எழுதிய பாடத்திட்டம்

பல்கலைக்கழகங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோதே பாடத்திட்டத்தின் பெரும்பகுதியை எண்ணெய்த் தொழில் எழுதிவிட்டது. 1947இல் மெக்சிகோ வளைகுடாவில் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்தில், கெர்-மெக்கீ நிறுவனம் முதல் உற்பத்திக் கிணற்றைத் தோண்டியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், 1988இல், புல்விங்கிள் என்ற எஃகு மேடை 412 மீட்டர் ஆழத்தில் ஊன்றி நின்றது. இந்த வளர்ச்சிக்குத் தேவையான பொறியாளர்களைத் தருவதற்காக டெக்சஸ், டிரான்ட்ஹைம், டெல்ஃப்ட் என்று பல இடங்களில் கடல் அமைப்புகள் குறித்த முதுநிலைப் பாடங்கள் பெருகின.

இந்தப் பாடங்களில் விபத்துகளுக்கு உரிய இடம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தனர். ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்துவதற்காகத் தாங்குசட்டத்தில் போடப்பட்ட சிறிய பற்றவைப்பில் தொடங்கிய விரிசல், அலைகள் திரும்பத் திரும்ப மோதியதில் வளர்ந்து சட்டத்தையே முறித்தது. அதன்பின் நார்வேயின் டிரான்ட்ஹைம் பள்ளியில் உலோகச் சோர்வும் நம்பகத்தன்மைக் கணக்கீடும் மையப் பாடங்களாயின. 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா மேடையில் 167 பேர் இறந்தபின் வந்த கல்லன் விசாரணை, பாதுகாப்பு குறித்த பொறுப்பை மேடையை இயக்குபவரே ஆதாரத்தோடு நிறுவ வேண்டும் என்ற நிலைக்கு இட்டுச்சென்றது. இடர் பகுப்பாய்வு அப்படித்தான் வகுப்பறைக்கு வந்தது.

இந்த மரபு சாதித்தவற்றில் மிக முக்கியமானது, உள்ளூர்க் கடலே பாடத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டியதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த் ராங்கின் மேடையை 1980களின் தொடக்கத்தில் நிறுவியபோது, சிப்பி, பவளத் துகள்களாலான சுண்ணாம்பு மணலில் அடித்த எஃகுத் தூண்களை அந்த மண் எதிர்பார்த்தபடி பிடித்து நிற்கவில்லை. சில இடங்களில் தூண்கள் தம் எடையாலேயே கீழே இறங்கின. வேறு கடல்களின் மணலைக் கொண்டு எழுதப்பட்ட சூத்திரங்கள் அங்கே செல்லவில்லை. பெர்த் நகரத்துப் பல்கலைக்கழகம் கடலடி மண் இயக்கவியலில் உலகின் முன்னணி மையமாக வளர்ந்ததற்கு இந்த அனுபவம் ஒரு தூண்டுதல்.

பலவீனம், எண்ணெய் விலையோடு கல்வியும் ஏறி இறங்கியது. 1986இல் விலை சரிந்தபோதும் 2014க்குப் பிறகும் வேலைவாய்ப்பு சுருங்க, மாணவர் ஆர்வமும் சுருங்கியது. அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. எண்ணெய்த் தொழிலுக்குக் கடல் ஒரு சுமை மட்டுமே. அமைப்பைக் கடல் என்ன செய்யும் என்று அது நுணுக்கமாகக் கேட்டது. கடலையும் கரையையும் அமைப்பு என்ன செய்யும் என்று அந்த அளவுக்குக் கேட்கவில்லை.

சென்னை: திட்டங்களின் வழியே ஒரு துறை

இந்தியாவில் விவாதம் வேறு வடிவம் கொண்டது. பாம்பே ஹை எண்ணெய் வயல் 1974இல் கண்டறியப்பட்டது ஒரு தூண்டுதல். சென்னை ஐ.ஐ.டி.யில் 1970களின் பிற்பகுதியில் கடல் பொறியியல் மையமாகத் தொடங்கியது பின்னர் முழுத் துறையாயிற்று. இங்கே கரையோரப் பொறியியல், கடல் அமைப்புகள், கப்பல் வடிவமைப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தன. கரைப் பதிலும் கப்பல் பதிலும் எண்ணெய்ப் பதிலும் ஒன்றாக உட்கார்ந்த இடங்கள் உலக அளவிலும் அதிகமில்லை.

இந்தத் துறை பெரிய திட்டங்களின் வழியே கற்றது. கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் நிலையத்தைச் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்தது, 1991இல் அது இயங்கத் தொடங்கியது. அறைக்குள் ஏறி இறங்கும் நீர், மேலுள்ள காற்றை அழுத்தி டர்பைனைச் சுழற்றும் முறை அது. வணிக ரீதியாக அது தொடரவில்லை, பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அலையியல், கான்கிரீட் கட்டுமானம், காற்றியக்கம், மின் பொறியியல் எல்லாம் ஒரே பொருளில் கூடிய அந்த நிலையம் ஒரு தலைமுறை ஆய்வு மாணவர்களுக்குக் களமாக இருந்தது.

1993இல் தொடங்கப்பட்டு இன்று பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இந்த வழியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றது. தூத்துக்குடிக்கு அப்பால், கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டிலிருந்து ஒரு மெகாவாட் மின்சாரம் எடுக்கும் முயற்சியில், சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் குளிர்நீர்க் குழாயை இறக்க முடியாமல் போனது. அந்த அனுபவத்தின் மீதுதான் இலட்சத்தீவின் கவரட்டியில், சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரைக் கொண்டு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையம் 2005இல் எழுந்தது. கடலில் ஒரு குழாயை இறக்குவதும், அலையிலும் நீரோட்டத்திலும் அதைப் பிடித்து வைப்பதும் கணக்கீட்டை விடக் கடினமானவை. வகுப்பறையில் இதற்கு ஒதுக்கப்படும் நேரமோ மிகக் குறைவு.

2021இல் மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் 'மத்ஸ்யா 6000' கலம் அதன் ஒரு பகுதி. அந்த ஆழத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 600 மடங்கு. டைட்டேனியக் கோளத்தின் பற்றவைப்பு, மனிதர் சுவாசிக்கும் காற்றின் சமநிலை, நீருக்கடியில் ஒலிவழித் தொடர்பு என்று இதற்கு வேண்டிய அறிவு, மரபான கடல் பொறியியல் பாடத்திட்டத்தின் வரம்பை எளிதாகத் தாண்டுகிறது.

திட்டங்களின் வழியே வளரும் துறைக்கும் ஒரு குறை உண்டு. அரசு எதற்கு நிதி ஒதுக்குகிறதோ அதுவே ஆய்வாகிவிடும் சாய்வு அது. நிதி முடிந்ததும் சேர்த்த அனுபவம் அறிக்கைகளில் தங்கிவிடுகிறது, பாடநூலாக மாறுவதில்லை. இந்தியக் கடல்களை மையமாக வைத்து எழுதப்பட்ட முதுநிலைப் பாடநூல்கள் தேவைக்கு மிகக் குறைவு என்றே சொல்ல வேண்டும்.

தொட்டி, கணினி, கடல்

மாணவர் எந்தத் துறையில் படிக்கிறார் என்பதைவிட எதன் முன்னால் நிற்கிறார் என்பது முக்கியம் என வாதிடும் தரப்பும் உண்டு. பழைய மரபு அலைத் தொட்டியை நம்பியது. அதன் வரம்பைக் கணக்கே காட்டுகிறது. 1:100 அளவில் ஒரு மாதிரியை ஃப்ரூட் விதிப்படி சோதித்தால் காலம் பத்தில் ஒரு பங்காகவும் விசை பத்து லட்சத்தில் ஒரு பங்காகவும் சுருங்கும். அதே சோதனையில் பாகுநிலையைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சாதாரண நீரில் இரண்டையும் ஒரே நேரத்தில் சரியாகப் பொருத்த முடியாது. அலை விசையை நன்றாகக் காட்டும் தொட்டி, மெல்லிய குழாய்களின் மீதான இழுவையைத் தவறாகக் காட்டக்கூடும்.

கணினிக்கும் வரம்பு உண்டு. நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்டில் சோதனைக்காக மிதந்த நிலையில் தாழ்த்தப்பட்டபோது விரிசல் விட்டு மூழ்கியது. கணினிப் பகுப்பாய்வில் சில இடங்களின் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. கம்பி கட்டிய விதத்திலும் குறை இருந்தது. மென்பொருள் தந்த எண்ணை ஒரு கைக்கணக்கால் சரிபார்க்கும் பழக்கம் முதுநிலைப் பயிற்சியில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இரண்டுக்கும் அடியில் இருப்பது நிகழ்தகவு. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் அலைக்கு வடிவமைத்த மேடை என்றால் நூறாண்டுக்குக் கவலையில்லை என்று பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அலையை மிஞ்சும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. 25 ஆண்டு ஆயுளுக்குள் ஒருமுறையாவது மிஞ்சும் வாய்ப்பு சுமார் 22 விழுக்காடு. 1995 ஜனவரி 1 அன்று வட கடலின் டிராப்னர் மேடையில் 25.6 மீட்டர் உயர அலை பதிவானது. அப்போதைய கடலின் சராசரி நிலையைக் குறிக்கும் அலையுயரம் அதில் பாதிக்கும் குறைவு. செயின்ட் டெனிஸும் பியர்சனும் எடுத்துக்கொண்ட எளிய கூட்டல் எங்கே பொய்க்கும் என்ற கேள்வி அதன்பின் தீவிரமானது. இன்றும் அது முழுமையாகத் தீரவில்லை.

மூன்றாவதான கடல் அனுபவம்தான் எல்லாப் பாடத்திட்டங்களிலும் மெலிந்த பகுதி. வுட்ஸ் ஹோல் கூட்டுத் திட்டத்தில் மாணவர் ஆய்வுக் கப்பலில் போவது இயல்பு. இரண்டாண்டு எம்.டெக். படிப்பில் முதல் ஆண்டு பாடங்களுக்கும் இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கும் போனபின் கடலுக்கு மிஞ்சும் நாட்கள் சொற்பம். டிரான்ட்ஹைம், டெல்ஃப்ட், பார்சிலோனா போன்ற இடங்களை இணைத்து ஐரோப்பா நடத்திவரும் கூட்டு முதுநிலைத் திட்டம், ஒரே மாணவரைப் பல கடல்களின் ஓரத்தில் உட்கார வைக்கிறது. நல்ல முயற்சிதான், ஆனால் அதன் செலவு எல்லா நாடுகளுக்கும் ஏற்றதல்ல.

கரைக்கு யார் பொறுப்பு?

எண்ணெய் மரபு கேட்காமல் விட்ட கேள்வியைத் தமிழகக் கரை நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணலின் நிகர நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. 1876இல் சென்னைத் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கியதும் அந்த நகர்வு தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே, வரவேண்டிய மணல் வராமல், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரை அரித்தது. மெரினாவில் நடப்பவருக்குக் கிடைத்த அகலம் வடசென்னை மீனவக் குப்பங்கள் இழந்த நிலத்தோடு ஒரே கணக்கில் வருவது.

புதுச்சேரியில் 1989இல் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபின் அதே கதை நடந்தது. நகரின் கடற்கரை மணல் போய்க் கற்கள் மட்டுமே நின்றன. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஆப்பு வடிவ அமைப்பொன்றை நிறுவியதும் 2018 வாக்கில் மணல் ஓரளவு திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழகக் கரை நெடுகக் கல்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் எழுந்தன. ஒரு குப்பத்தைக் காக்கக் கட்டிய தூண்டில் வளைவு அடுத்த குப்பத்தின் மணலைத் தடுத்துவிட, அங்கும் ஒன்று கேட்கப்படுகிறது. ஒவ்வொரு வடிவமைப்பும் தன் எல்லைக்குள் சரியாக இருக்கலாம். கரை முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் சிக்கல்.

இதற்கு மூன்று விதமான பதில்கள் முன்வைக்கப்படுகின்றன. மணல் வரவு செலவுக் கணக்கை முதுநிலைப் பாடத்தின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது முதலாவது. கடல் பொறியியலைக் கரையோர மேலாண்மை, சட்டம், சமூக அறிவியல் ஆகியவற்றோடு இணைக்க வேண்டும் என்பது இரண்டாவது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கடல் மேலாண்மை நிறுவனம் போன்ற அமைப்புகள் இந்தத் திசையில் நிற்கின்றன. மூன்றாவது, மீனவர்களின் அறிவைத் தரவாக ஏற்க வேண்டும் என்பது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றையும் அதனோடு மாறும் நீரோட்டத்தையும் பிரித்தறியும் மீனவர்கள், மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் நகரும் என்பதைத் தலைமுறைகளாகக் கவனித்துவருகிறார்கள். முதல் பதிலுக்கு நீண்டகால அளவீடு தேவை. இரண்டாவதில் பொறியியலின் ஆழம் குறையும் அபாயம் உண்டு. மூன்றாவதை எவ்வாறு முறைப்படி பதிவுசெய்து சரிபார்ப்பது என்பதில் ஒருமித்த வழி இன்னும் உருவாகவில்லை. எனினும், கரையோரத் திட்டம் எதிலும் அந்தக் கரையில் வாழ்வோரைக் கேட்காமல் எழுதப்படும் ஆய்வேடு அரைகுறையானது என்ற அளவுக்காவது உடன்பாடு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தீராமல் நிற்பவை

கடல் பொறியியலுக்குச் சொந்த அடித்தளம் உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்ற பக்கமே சான்றுகள் சாய்கின்றன என்று நினைக்கிறேன். ஒழுங்கற்ற கடலும் அதில் நிற்கும் அமைப்பும் ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே இருக்கும் உறவு வேறு எந்தத் துறையின் மையப் பொருளும் அல்ல. அந்த அடித்தளத்துக்குத் தனித் துறை வேண்டுமா என்பது வேறு கேள்வி. துறை கலைக்கப்பட்ட இடங்களிலும் நல்ல ஆய்வு தொடர்கிறது. துறை உள்ள இடங்களிலும் மூன்று மரபுகள் தனித்தனி அறைகளில் இயங்க முடியும்.

கடற்காற்றாலைகள் இந்தக் கேள்வியைப் புதிய இடத்துக்கு நகர்த்துகின்றன. டென்மார்க்கின் விண்டெபியில் 1991இல் 11 காற்றாலைகளோடு தொடங்கியது, 2017இல் ஸ்காட்லாந்துக்கு அப்பால் மிதக்கும் காற்றாலைப் பண்ணையாக வளர்ந்தது. 2024இல் இந்திய அரசு குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட் அமைக்க 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இதற்கு வேண்டியவர் அலையும் மண்ணும் அறிந்தவர் மட்டுமல்லர். சுழலும் இறக்கையின் காற்றியக்கத்தையும் கட்டுப்பாட்டுப் பொறியியலையும் அறிந்திருக்க வேண்டும். பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2022 முதல் கப்பல் வடிவமைப்புக்கும் கடல்சார் பொறியியலுக்கும் தனித் தாள் வந்திருப்பது, முதுநிலைக்கு வரும் மாணவர்களை ஒரு திசையில் ஒழுங்குபடுத்தலாம். சிவில், இயந்திரவியல், வானூர்திப் பொறியியல் படித்தவர்கள் கலந்து அமரும் வகுப்பறை அதனால் குறுகுமா என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட அடிப்படையான ஒன்று தரவு. உலகெங்கும் வகுப்பறைகளில் பயன்படும் ஜான்ஸ்வாப் அலைநிறமாலை, 1973இல் வெளியான வட கடல் அளவீடுகளிலிருந்து பிறந்தது. குறுகிய நீர்ப்பரப்பில் காற்று எழுப்பும் அலைகளுக்கு அது பொருந்தும். தமிழகம், கேரளம், இலங்கை சூழ்ந்த கடலில் பருவக்காற்றின் அலைகளோடு, தெற்குப் பெருங்கடலில் எழுந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்துவரும் நெடிய அலைகளும் கலக்கின்றன. காற்றே இல்லாத நாளில் கரையேறும் கள்ளக்கடல் அப்படி வருவதுதான். இரண்டு முகடுகள் கொண்ட அந்த நிறமாலைக்கு வேறு வடிவங்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. எந்த வடிவம் எந்தப் பருவத்தில் எந்தக் கரைக்குப் பொருந்தும் என்பதைப் பல பத்தாண்டு அளவீடுகளே சொல்ல முடியும். மிதவைகளைப் பராமரித்து அந்த அளவீடுகளைச் சேர்ப்பது யார், அவற்றை முதுநிலை மாணவர்கள் தடையின்றிப் பயன்படுத்த முடியுமா, புயல்களின் போக்கு மாறிவரும் காலத்தில் பழைய பதிவுகளை வைத்து நூறாண்டு அலையைக் கணிப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பவை இன்னும் விடை காண வேண்டிய கேள்விகள்.